பதினோரு பேருக்காகக் கருப்பு உடுத்தியவர்

எங்கள் லெத்மேரா ஊர்க் கோயிலின் பக்கவாசலில் எப்போதும் ஒரு சோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதன் முனை பீடத்தைப் பார்த்திருக்கும். யாரோ இப்போதுதான் காலை நுழைத்துக்கொண்டு உள்ளே போகப் போவதுபோல. அது மணியடித்து, பீடத்தைக் கவனிக்கும் கோயில்பிள்ளை செஃபெரினோவுடையது. பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை, நன்மையை, வெறுங்காலோடு வாங்க வரக் கூடாது என்று முன்பு இருந்த சாமியார் ஒருவர் கண்டித்துவிட்டுப் போயிருந்தார். செருப்பு இல்லாத பெண்கள் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு நன்மை வாங்காமல் வீட்டுக்குப் போவார்கள். செஃபெரினோ யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. தன் செருப்பை அங்கே கழற்றிவைத்துவிட்டு, அவர் வெறுங்காலோடு பீடத்தில் நடந்தார். கேட்டால், "கோயில்பிள்ளை நடந்தா சத்தம் வரக் கூடாது" என்பார். ஒருத்தி போட்டுக்கொண்டு போய் நன்மை வாங்கி வந்து கழற்றுவாள், அடுத்தவள் போட்டுக்கொள்வாள். என் கல்யாணப் பூசைக்கும் நான் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். என் பாதம் அதில் பாதிக்குத்தான் வந்தது.

செஃபெரினோ குட்டையான, ஒல்லியான மனிதர். கல்யாணம் செய்யவில்லை. கோயிலுக்குப் பின்னால் பனையோலை வேய்ந்த ஓர் அறையில் இருந்தார். எதற்கும் பயப்படுவார். எருமைக்குப் பயம், இடிக்குப் பயம், உரத்த குரலில் பேசுகிறவர்களுக்குப் பயம். என் பக்கத்து வீட்டுத் தொமாசியா வாய்த்துடுக்கு உள்ளவள். பூசைக்கு முன்னால் அவரைச் சீண்டாமல் இருக்க மாட்டாள்.

"செஃபெரினோ அண்ணே, நீங்க ராத்திரி அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துல எப்படித்தான் தூங்குறீங்களோ. பேய் வராது?"

"பேய் வந்தா ஒரு செபம் சொல்லி அனுப்பிடலாம்மா. நீ வந்தா என்ன செய்யறதுன்னுதான் தெரியல."

என் மகள் ரொசிந்தாவுக்கு ஞானஸ்நானத்தில் அவர்தான் ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் என்னைக் கொமாட்ரே என்பார், நான் அவரைக் கொம்பாட்ரே என்பேன். கூடப்பிறந்தவர்களுக்கு அடுத்தபடி எங்கள் மலையில் அந்த உறவுதான். அதனால் நான் அவருக்குச் செய்ததை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. கன்னியர் பள்ளியில் நாலு வகுப்பு வரை படித்தவள் நான். தெரிந்தமட்டும் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம், காப்பிப் பழம் பறிக்கும் காலம். கடல் தாண்டி வந்த படை எங்கள் தீமோரில் இறங்கி அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, காப்பி காயவைக்கும் களத்துக்குச் சிப்பாய்கள் வந்தார்கள். கையில் ஒரு காகிதம் இருந்தது. அதிலிருந்து பதினோரு பெயர்களை வாசித்தார்கள். நாலாவது பெயர் என் புருஷன் அனக்லேட்டோ. எட்டாவது, தொமாசியாவின் புருஷன். கிழக்கே ஓர் ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறார்களாம், மூன்று மாத வேலையாம், சோறும் கூலியும் உண்டாம். அனக்லேட்டோ கையில் இருந்த சல்லடையை என்னிடம் கொடுத்துவிட்டு, "பழத்தக் கிளறி விடு, பூஞ்சை பிடிச்சிடும்" என்றார். எங்கள் குடித்தனத்தில் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

போகும் வழியில் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த செஃபெரினோவையும் கூப்பிட்டார்கள். அவர் பெயர் காகிதத்தில் இல்லை. மண்வெட்டிகளைத் தூக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்களோடு போனார்.

மறுநாள் சாயங்காலம் அவர் மட்டும் திரும்பி வந்தார்.

நாங்கள் பதினோரு பெண்களும் ஓடினோம். "பாலம் எங்க? அவங்க எங்க இருக்காங்க?" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாதி வழியில என்னத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். இரண்டு வாரம் அவர் யாரோடும் பேசவில்லை. மணி அடித்தார், திரி வெட்டினார், பீடத் துணியைத் துவைத்தார்.

எங்கள் ஊரில் செத்தவருக்கு உறவினர் செய்ய வேண்டியவை உண்டு. ஏழாம் நாள் கல்லறையில் கசப்புப் பூ வைப்போம். நாற்பதாம் நாள் இனிப்புப் பூ. ஒரு வருஷம் கருப்பு உடுத்துவோம். வருஷ முடிவில் சொந்தம் எல்லாம் கூடிக் கருப்பைக் கழற்றி வைப்போம். இதெல்லாம் நடக்காவிட்டால் அந்த ஆத்துமாவுக்குத் தான் செத்தது தெரியாது, வழி தெரியாமல் நிற்கும். சாமியார்கள் இதைப் பாதி ஒப்புக்கொள்வார்கள், பாதி ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் முழுசாக நம்புகிறவர்கள்.

ஆனால் எங்கள் ஆண்கள் சாகவில்லையே, பாலம் அல்லவா கட்டுகிறார்கள். தொமாசியா சிரித்துக்கொண்டே சொல்வாள்: "எம் புருஷன் பாலம் கட்டுறானாம். கோழிக்கூண்டு கட்டச் சொன்னா ரெண்டு நாள்ல கோழியே அதத் தூக்கிட்டுப் போயிடும். அந்தப் பாலத்துல நான் கால் வைக்க மாட்டேன்." நாங்களும் சிரித்தோம். நம்புவதற்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது.

கோயிலில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூங்கில் குழாய்கள் தொங்கும். வலது குழாய் உயிரோடிருப்பவர்களுக்கு: நோயாளி, பிரயாணி, பிள்ளைத்தாய்ச்சி. இடது குழாய் செத்தவர்களுக்கு. அதில் ஒரு கருப்புத் துணி சுற்றியிருக்கும். பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டால், மாதக் கடைசி ஞாயிறு டிலி நகரத்திலிருந்து வரும் சாமியார் பூசையில் வாசிப்பார். எங்கள் பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பதினோரு பெயரையும் நானே எழுதி, நானே வலது குழாயில் போட்டேன். முதல் மாதம் சாமியார் "பிரயாணத்தில் இருப்பவர்கள்" என்று சொல்லி அவற்றை வாசித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

இரண்டாம் மாதமும் அப்படியே எழுதி வலது குழாயில் போட்டேன். அன்று நாற்பத்தைந்தாம் நாள். பூசையில் சாமியார் பிரயாணிகளின் சீட்டுகளை எடுத்தார்; எங்கள் ஆண்களின் பெயர்கள் வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு இடது குழாயின் சீட்டுகளை எடுத்தார். "ஆண்டவரில் மரித்த எங்கள் சகோதரர்கள்" என்று ஆரம்பித்து, வரிசையாகப் பதினோரு பெயரையும் வாசித்துவிட்டார். பாதி வாசிக்கும்போதே அவர் குரல் தயங்கியது. ஆனால் நடுவில் நிறுத்தவில்லை.

கோயிலில் யாரும் ஆமென் சொல்லவில்லை. தொமாசியா எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள்.

பூசை முடிந்ததும் முற்றத்தில் சாமியாரைச் சூழ்ந்துகொண்டோம். அவர் செஃபெரினோவைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "தப்பு என்னுதும்மா. சீட்டு கலந்துபோச்சு, நான் பாக்காம வாசிச்சிட்டேன்" என்றார். அதோடு அது முடிந்திருக்கும். நான்தான் முடியவிடவில்லை.

செஃபெரினோவின் கன்னத்தில் அறைந்தேன். "சாமியார் தப்பில்ல. என் கையால நான் வலது குழாய்ல போட்டேன். நேத்து சாயங்காலம் இந்தாளுதான் எடுத்து மாத்தியிருக்காரு. நீங்க அவங்களோட போனீங்க, தனியாத் திரும்பி வந்தீங்க. எம் புருஷன என்ன விலைக்கு வித்தீங்க?"

அவர் கன்னத்தைத் தொடவில்லை. "அடிங்க, கொமாட்ரே. ஆனா இனி அந்தக் குழாய்ல போடாதீங்க. தண்ணி கேக்குறவங்களுக்கு நாம வழிப்போக்கருக்கான கைத்தடிய அனுப்பிட்டிருக்கோம்."

முற்றத்து ஓரத்தில் எவாரிஸ்டோ வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். எங்கள் ஊர்க்காரன்தான். நாங்கள் அவனைக் 'காது' என்போம். இங்கே கேட்டதை ராணுவ முகாமில் போய் இறக்கிவைப்பது அவன் பிழைப்பு. நான் கத்தியபோது அவன் மெல்லுவதை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கத்தினேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பாவம் மன்னிக்கப்பட்டிருக்கும். நடந்தது நடந்ததுதான்.

மறுநாள் சந்தையில் ஓர் உத்தரவு வாசித்தார்கள். எவாரிஸ்டோதான் எங்கள் பாஷையில் சொன்னான். இந்த ஊரில் யாரும் சாகவில்லை. பதினோரு பேரும் பாலத்தில் வேலை செய்கிறார்கள். கருப்பு உடுத்துபவர்கள் ராணுவம் பொய் சொல்கிறது என்று சொல்கிறவர்கள். அன்று மத்தியானமே வீடு வீடாக வந்து கருப்புத் துணிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். தொமாசியாவின் மாமியாருக்குப் புருஷன் செத்து இருபது வருஷம். அந்தக் கிழவியின் பாவாடையையும் உருவிக்கொண்டு போனார்கள். "அந்தாளு போர்ச்சுகீசியர் காலத்துல பேதியில போனவரு, அவரயும் பாலத்துக்கா அனுப்பினீங்க?" என்று தொமாசியா கேட்டாள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளில் இடித்தான்.

புதன்கிழமை செஃபெரினோவை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். உதடு கிழிந்திருந்தது. கமாண்டர் சொல்லி அனுப்பியது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, சாமியார் இல்லாததால் உபதேசியார் செபம் நடத்தும்போது, கமாண்டர் நேரில் வருவார். செஃபெரினோ பீடத்தின் முன் நின்று, தான் சீட்டைத் தப்பாக மாற்றியதாகவும், அந்தப் பதினோரு பேரும் உயிரோடு இருப்பதாகவும் சொல்ல வேண்டும். தானாகவே மனம் வந்து சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வெளியே விட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அவரைத் தேடிப் போனேன். ஊற்றடியில் சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தார். மாமரப் பட்டையை வேகவைத்த தண்ணீரில் துணியை ஊறப்போட்டு, இரும்பு கலந்த சேற்றில் போட்டு மிதித்தால் கருப்பேறும். நாங்கள் நெசவு நூலுக்கு அப்படித்தான் செய்வோம். ஆண்கள் அந்த வேலை செய்து நான் பார்த்ததில்லை. அவர் காலடியில் கிடந்தது பூசைக்கு உடுத்தும் அவருடைய வெள்ளைச் சட்டை. அவரிடம் இருந்த ஒரே நல்ல சட்டை.

"கொம்பாட்ரே, உங்கள அறைஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க வரல" என்றேன். "நாளைக்கு அவன் சொல்றதச் சொல்லிடுங்க. உயிரோட இருக்காங்கன்னு சொல்லிடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்? உங்க உசுரும் மிஞ்சும், எங்களுக்கும்..."

எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கும் ஆசைதான்" என்றார். "நான் ரொம்பப் பயந்தவன், உங்களுக்குத் தெரியாததில்ல. சொல்லிடலாம், நாலு வார்த்தைதானேன்னு நேத்துப் பூரா எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். வீட்ல சொன்னா வருது. பீடத்துக்கு முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். அங்க வர மாட்டேங்குது."

"அப்போ அவர் இல்லையா?"

அவர் மிதிப்பதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"இல்ல, கொமாட்ரே."

நான் அழவில்லை. மேலே காட்டில் யாரோ விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்டுச் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். "ஆம்பளை மிதிச்சா ஒரு பக்கந்தான் ஏறும். தள்ளுங்க" என்றேன். வெயில் ஏறும்வரை மிதித்தேன். என் பாதங்கள் கணுக்கால் வரை கருத்துப்போயின. நகக்கண்ணில் ஏறிய கருப்பு மூன்று வாரம் போகவில்லை. வீடு வீடாக வந்து பறித்துப்போனவர்கள் அதைப் பறிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கமாண்டர் முதல் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எவாரிஸ்டோ. செஃபெரினோ பக்கவாசல் வழியாக வந்தார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை கருப்பு. நாங்கள் மிதித்த சட்டை காய்ந்து விறைத்து நின்றது. காற்சட்டையையும் எப்படியோ தோய்த்திருந்தார். ஊரில் ஒரு முழம் கருப்புத் துணி இல்லாத நேரத்தில் அவர் ஒருவர் மட்டும் அப்படி வந்து நின்றார். பின்னால் ஒரு பெண் விசும்பினாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள்.

கமாண்டர் எழுந்திருக்கவில்லை. எவாரிஸ்டோவிடம் ஏதோ சொன்னார். எவாரிஸ்டோ எழுந்து நின்றான்.

"உங்க வீட்ல யாரு செத்தாங்கன்னு ஐயா கேக்குறாரு."

"என் வீட்ல யாரும் இல்லீங்களே. நான் தனி ஆள்."

"அப்போ எதுக்குக் கருப்புன்னு கேக்குறாரு."

"உடுத்த வேண்டியவங்களுக்குத் துணி இல்ல. யாராச்சும் உடுத்தணும்ல."

எவாரிஸ்டோ இதைப் பெயர்த்துச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. கமாண்டர் சின்னதாக ஏதோ சொன்னார். "சொல்ல வந்ததச் சொல்லச் சொல்றாரு" என்றான் அவன். பிறகு தணிந்த குரலில், தன் சொந்தச் சொல்லாக, "சொல்லிடுங்க அண்ணே, நாலு வார்த்தை" என்றான்.

செஃபெரினோ பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சீட்ட மாத்தினது நான்தான். சாமியாருக்குத் தெரியாது, இந்தப் பொம்பளைங்களுக்கும் தெரியாது. தப்பா மாத்தல." அவ்வளவுதான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி முழங்காலிட்டு, செத்தவர்களுக்கான செபத்தை ஆரம்பித்தார். பதில் சொன்ன முதல் குரல் தொமாசியாவுடையது. பிறகு நான். அதற்குப் பிறகு யார் யார் என்று எனக்குத் தெரியாது. செபம் முடியும்வரை கமாண்டர் உட்கார்ந்தே இருந்தார். முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். சிப்பாய்கள் செஃபெரினோவைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்து மாதம் கழித்து விட்டார்கள். ஏன் கொல்லவில்லை என்று தெரியாது. டிலியில் சாமியார் வாரம் தவறாமல் ராணுவத் தலைமையகத்துக்குப் போய் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு பெயரை வெளியே யாராவது விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் கொல்வதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். இடது காது கேட்காமல் போயிருந்தது. வலது கை விரல்கள் மடங்காது. அவர் சட்டையைக் கிழித்துப்போட்டு, ஒரு சிப்பாயின் பழைய பச்சைப் பனியனைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் அந்தப் பனியனையே கொண்டுபோய்ச் சேற்றில் மிதித்தார். மறுபடி பிடித்துப்போனார்கள், இரண்டு மாதம். வந்து மறுபடி மிதித்தார். மூன்றாம் தடவை கமாண்டர் சிரித்துவிட்டு, இவனுக்குப் பைத்தியம், விட்டுவிடுங்கள் என்றாராம். அதிலிருந்து பதினைந்து வருஷம் எங்கள் பதினோரு வீட்டுத் துக்கமும் அந்த ஒரு மனிதரின் உடம்பில்தான் இருந்தது. நன்மை வாங்கிவிட்டுத் திரும்பும்போது நாங்கள் அவர் சட்டைக் கையை விரல் நுனியால் தொட்டுவிட்டுப் போவோம். பார்க்கிறவர்களுக்குக் கூட்டத்தில் இடித்ததுபோல இருக்கும்.

பக்தியால் எங்களுக்கு நல்லது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பதினைந்து வருஷத்தில் இன்னும் ஆறு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பஞ்சத்தில் குழந்தைகள் செத்தன. தொமாசியா சாகும்வரை புருஷன் திரும்பி வருவான் என்று ஒரு நாளும், வர மாட்டான் என்று மறுநாளும் பேசிக்கொண்டிருந்து செத்தாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. அவர் கிடக்கும் இடம். கசப்புப் பூ வைக்க ஓர் இடம். செஃபெரினோவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். மண்வெட்டி தூக்கிப்போனவர் அவர்தானே.

வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம், கேட்பேன்.

"இந்த வருஷமாவது சொல்லுங்க, கொம்பாட்ரே."

"சொன்னா போவீங்க."

"போவேன்தான். பின்ன எதுக்குக் கேக்குறேன்?"

"மேல அவங்க காவல் போட்டிருக்காங்க. போனா திரும்பி வர மாட்டீங்க. ரொசிந்தாவுக்கு ஒரு ஆள் வேணும்."

"ரொசிந்தாவுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளை. இன்னும் என்ன ஆள்?"

"அப்போ பேரப்பிள்ளைக்கு வேணும்" என்பார், சிரிக்காமல். நான் திட்டுவேன். என்னிடமிருந்து அவர் புருஷனைத் திருடி வைத்திருப்பதுபோலக் கோபம் வரும். கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொள்வார். பதினைந்து தடவை இதே பேச்சு.

தொண்ணூற்றொன்பதில் ஓட்டு வைத்தார்கள். படை வேண்டாம் என்று போட்டோம். முடிவு வந்த சில நாளில், படையோடு சேர்ந்திருந்த உள்ளூர் ஆட்கள் கத்தியும் பெட்ரோலுமாக வந்தார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக எங்களை லாரிகளில் ஏற்றினார்கள். செஃபெரினோ ஏறவில்லை. கோயிலில் நற்கருணை இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். இரண்டு நாளில் கோயிலும் எரிந்தது. நாங்கள் மூன்று மாதம் கழித்து வந்தபோது பீடத்துப் படியில்தான் அவர் எலும்பு இருந்தது, சாம்பலோடு.

மறுவருஷம் அவர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு பதினோரு வீட்டாரும் மலை ஏறினோம். சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தது. பதினோரு பேரையும் எடுத்து வந்தோம். செஃபெரினோவைப் பன்னிரண்டாவதாக வைத்தோம். பூ வைத்தோம், கருப்பு உடுத்தினோம். ஒரு வருஷம் கழித்து எல்லோருமாகக் கழற்றினோம். அவருக்குச் சொந்தக்காரர் என்று யாரும் வரவில்லை. எவாரிஸ்டோவும் கருப்பு உடுத்தி வந்து ஓரமாக நின்றான். அவனைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, வா என்று சொல்லவும் வரவில்லை.

அந்தத் தொண்ணூற்றொன்பதில், எங்களை ஏற்றிய லாரி கிளம்ப இருந்த நேரத்தில் செஃபெரினோ ஓடிவந்து, சக்கரத்தின் மேல் காலை வைத்து ஏறி, மடங்காத விரல்களால் பக்கப் பலகையைப் பற்றிக்கொண்டார். கீழே நின்ற ஆள் அவர் முதுகில் கத்தியின் மொட்டைப் பக்கத்தால் அடித்துக்கொண்டிருந்தான். அவர் இறங்கவில்லை. என் காதுக்கு நேராக, அவசரப்படாமல் சொன்னார்:

"மேல இப்ப காவல் இல்ல, கொமாட்ரே, எல்லாரும் இறங்கிட்டாங்க. அருவிக்குக் கீழ, ஆத்துக்கு இந்தப் பக்கம், ரெண்டு பாக்கு மரம் ஒண்ணா நிக்கும். அங்கருந்து மேற்கால பத்து எட்டு நடங்க. அனக்லேட்டோ மூணாவது ஆள், தலை சூரியன் உதிக்கிற பக்கம். சுடும்போது நான் கண்ண மூடிக்கிட்டேன், அத மறைக்க மாட்டேன். குவியலாத் தள்ளச் சொன்னாங்க. நான் வரிசையாத்தான் வெச்சேன். வைக்க வைக்க ஒவ்வொருத்தர் பேரையும் சத்தமாச் சொன்னேன். ஆண்டவர் துப்பாக்கியத் தடுக்கல. ஏன்னு கேட்டேன், இன்னிவரைக்கும் பதில் இல்ல. ஆனா நாளைக்கு நாம அவர் முன்னால போய் நிக்கும்போது, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு அவர் சொல்லிடக் கூடாதுல்ல. அதுக்காகத்தான் பேரச் சொன்னேன்."